கத்தாதவர்கள்

சாட்சிக் கூண்டில் நின்ற எழிலரசி, கல்லூரியில் தர்க்கவியல் நடத்துபவள். துறைத்தலைவர் அவளைத் தன் அறைக்கு அழைத்து, கதவைத் தாழிட்டுக் கையைப் பிடித்து இழுத்தார் என்பது அவளுடைய புகார்.

"பயந்தவங்க கத்துவாங்க," என்றார் துறைத்தலைவரின் வழக்கறிஞர். "நீங்க கத்தல. அப்போ நீங்க பயப்படல. லாஜிக் டீச்சர்தானே, இதுல தப்பு இருந்தா நீங்களே சொல்லுங்கம்மா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எழிலரசிக்குக் காதுமடல் சுட்டது. இதே வாத வடிவத்தை அவள் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதி, சரி என்று சொல்லியிருக்கிறாள். மழை பெய்தால் தரை நனையும், தரை நனையவில்லை, எனவே மழை பெய்யவில்லை என்று வகுப்பில் சொன்னால், அந்த முதல் வரியை யாரும் சந்தேகிப்பதில்லை. இங்கே அந்த முதல் வரிக்குள் அவளையே வைத்துப் பூட்டப் பார்த்தார்கள்.

"வடிவம் சரிதான் சார். பயந்தவங்க கத்துவாங்கங்கிற முதல் வரி பொய்."

"எப்படின்னு நிரூபிங்க."

அவள் இரண்டு கைகளையும் தூக்கிக் கூண்டின் மரச்சட்டத்தில் ஓங்கி அறைந்தாள். வழக்கறிஞர் துள்ளிப் பின்வாங்கி நாற்காலியில் இடித்துக்கொண்டார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நெஞ்சில் கைவைத்தாள். நீதிபதியின் கையிலிருந்த பேனா நழுவி விழுந்தது. யார் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை.

"கோர்ட்டுல என்னம்மா இது?" என்றார் நீதிபதி, மூச்சு திரும்பியதும்.

"ஒருத்தர்கூடக் கத்தலையே ஐயா," என்றாள் எழிலரசி. உள்ளங்கைகள் எரிந்தன. அவற்றை மரச்சட்டத்திலிருந்து எடுக்கவில்லை. "யாரும் பயப்படலைன்னு பதிவு பண்ணச் சொல்லுங்க."

தட்டச்சுப் பெண் நீதிபதியை நிமிர்ந்து பார்த்தாள்.