மேல் அறைக்கு ஆறு பொட்டலம்

"ஆறு பொட்டலம் குடுங்க" என்றாள் குணசுந்தரி.

ஜெயசீலன் நிமிர்ந்து பார்த்தான். "வீட்டுல எத்தன பேரு?"

"நானு. மேல எம் பொண்ணு."

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற பட்டம்மாள் அவன் காதருகே குனிந்தாள். "அவ பொண்ணு சுனாமியிலயே போயிட்டுது சார்."

2008 நவம்பர். பிச்சாவரத்துக்குக் கிழக்கே ஒரு மீனவக் குப்பம். மூன்று நாளாக விடாத மழை. வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். சுனாமிக்கு அப்புறம் உயர்த்திக் கட்டிய புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் கீழ் ஹாலில்தான் ஊரே இருந்தது. சிதம்பரம் ரோடு துண்டித்துப் போனதால், கடலூரில் ஒரு நிவாரண அமைப்பில் வேலை பார்க்கும் ஜெயசீலன் படகில் சாப்பாடு கொண்டுவந்திருந்தான்.

"இங்க ஒரு பொட்டலத்த ரெண்டு புள்ளைங்க பங்கு போட்டுக்குதுங்க. உங்க ஒருத்தருக்கு ஆறா அக்கா?"

அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.

அப்போதுதான் அது கேட்டது. தலைக்கு மேல், கான்கிரீட்டில், சின்னக் கால்கள் குடுகுடுவென்று ஓடும் சத்தம். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும். பிறகு நின்றுவிட்டது.

ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். பட்டம்மாள் தன் பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடுத்துடுங்க சார்" என்றார் ஊர்த் தலைவர் உத்திராபதி. "மொத நாளு நாங்க குடுக்கல. பொழுதுக்கும், மேல அழுவுற சத்தம். அப்புறம் இவதான் சொன்னா, எம் பொண்ணு தமிழினி வந்திருக்குறா, அவளுக்குப் பசிக்குதுன்னு."

"நீங்க யாரும் மேல போய்ப் பாக்கலியா?"

"எவன் சார் போவான்?"

ஜெயசீலன் ஆறு பொட்டலத்தைக் கொடுத்தான். அவள் முந்தானையில் கட்டிக்கொண்டு படியேறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து, காலி இலைகளை ஜன்னல் வழியாக வெள்ளத்தில் விட்டாள். ஒரு பருக்கை மிச்சமில்லை.

ஜெயசீலன் நம்பவில்லை. பேயாவது பிசாசாவது. செத்த பிள்ளையின் பேரைச் சொல்லி எதையோ பதுக்குகிறாள். பார்த்துவிட வேண்டும்.

மத்தியானம் குணசுந்தரி பின்பக்கம் மழைத்தண்ணீர் பிடிக்கப் போன சமயம் அவன் படியேறினான். வானம் இருண்டு கிடந்ததால் படியில் வெளிச்சமே இல்லை. மேலே யாரோ தாலாட்டு மாதிரி முனகிக்கொண்டிருந்தார்கள். அவன் பாதிப் படி ஏறியதும் அது சட்டென்று நின்றது.

கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. வெளியே தாழ் போட்ட அறைக்குள் யார் பாடினார்கள்? திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தான். பிறகு தாழை நீக்கினான்.

உள்ளே ஜன்னல்கள் தார்ப்பாயால் மூடிக் கிடந்தன. இருட்டில் முதலில் கண்கள்தான் தெரிந்தன. தரையோடு தரையாக, அசையாமல், அவனையே பார்க்கும் கண்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் தெரிந்தார்கள். ஒரு ஆள், ஒரு சிறுபிள்ளையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு. சுவரோடு ஒட்டி இன்னும் இரண்டு பிள்ளைகள். ஒரு பெண், மடியில் துணி சுற்றிய கைக்குழந்தை.

"எங்கள வெளிய அனுப்பிடாதீங்க சார்" என்றான் அந்த ஆள், மூச்சுவிடுகிற குரலில்.

பின்னால் காலடிச் சத்தம். குணசுந்தரி வந்து கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"காட்டோரத்துல இருக்குற இருளருங்க சார். கையால தடவி எறா புடிச்சுப் பொழைக்கிறவங்க. மொத நாளு கொட்டுற மழையில புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. கூட ஒண்ணா இருக்க முடியாதுன்னு ஊருல சொல்லிட்டாங்க. தலைவருதான் கதவச் சாத்துனாரு."

"நீங்க?"

"பின்பக்கமா கூட்டியாந்துட்டேன். புள்ளைங்க சத்தம் போடாம இருக்குமா? அதான் எம் பொண்ணு பேரச் சொன்னேன்."

ஜெயசீலன் மறுபடி பிள்ளைகளைப் பார்த்தான். "செத்த பொண்ணப் போயி..."

"இருந்தப்ப ஒரு பூனைக்குட்டிகூட அவளுக்குப் பயப்படாது சார்" என்றாள் குணசுந்தரி. "இப்ப ஊரே பயப்படுது."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கைப்புள்ளைக்கு ரெண்டு நாளா ஜொரம் கொதிக்குது. கீழ மருந்து கேட்டா யாருக்குன்னு கேப்பாங்க. அதான் கேக்கல."

அவன் கீழே இறங்கி, தான் கொண்டுவந்த மருந்துப் பெட்டியிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் மேலே போய்வந்தான். இறங்கும்போது ஹாலில் இருந்த அத்தனை முகங்களும் அவனைத்தான் பார்த்தன.

"பாத்தீங்களா சார்?" என்றார் உத்திராபதி.

"பாத்தேன்."

"என்ன இருக்குது?"

"அந்தம்மா சொன்னது நெசந்தான். நாளைக்கு எட்டுப் பொட்டலமா குடுத்துடுறேன்."

"கேட்டுக்கிட்டீங்கல்ல?" உத்திராபதி ஊரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "படிப்பக்கம் ஒருத்தரும் போவக் கூடாது."

பெண்கள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு படியை விட்டு இன்னும் தள்ளி உட்கார்ந்தார்கள். ஜெயசீலனுக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பச்சைப்பிள்ளையோடு வந்தவர்களை மழையில் நிறுத்திக் கதவைச் சாத்திய கை.

பொழுது சாய்வதற்குள் அவன் கிளம்பினான். படகைத் தள்ளிவிட உத்திராபதி மட்டும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தார். பக்கத்தில் வேறு யாருமில்லை. ஆனாலும் ஒருமுறை கட்டடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, படகின் விளிம்பைப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கைப்புள்ளைக்கு ஜொரம் விட்டுச்சா சார்?"