பூதக்கண்ணாடி அம்மா

"ஏங்க, ஆபீசர் மாதிரி ஒரு அம்மா வந்திருக்காங்க!" கல்லாவிலிருந்து மனைவி ஓடிவந்து கறிக்கடைக்காரரிடம் கிசுகிசுத்தாள்.

பின்னறையில் அவர் கை வெந்நீர் வாளிக்குள் இருந்தது. எந்த நாட்டுக் கறி என்று பாக்கெட்டில் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, வெளிநாட்டுப் பெயரைப் பார்த்தாலே வாடிக்கையாளர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அதனால் அந்த லேபிளை ஊறவைத்து உரித்துவிட்டு, 'உள்நாட்டுக் கறி' என்று புதிதாக ஒட்டும் திருட்டு வேலை.

எட்டிப் பார்த்தார். அந்த அம்மா குளிர்பெட்டியிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து, லேபிளின் அடி ஓரத்தில் பூதக்கண்ணாடியை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். விலையையும் பார்க்கவில்லை, கறியையும் பார்க்கவில்லை.

கடைக்காரர் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தார். நாட்டின் பெயர், ஆலையின் பெயர், அடியிலிருந்த பொடி எண்கள் எல்லாம் கூழாகி ஓடின. கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல முன்னால் வந்தார்.

"என்னம்மா வேணும்?"

"வெளிநாட்டுக் கறி இருக்கா தம்பி?"

"சேச்சே! அதெல்லாம் நாங்க தொடுறதே இல்லம்மா."

"லாரிக்காரர் இங்கதான் இறக்குறேன்னு சொன்னாரே?"

கடைக்குப் பூட்டுத் தொங்குவது கடைக்காரரின் கண்முன் தெரிந்தது. "எம் புள்ள மேல சத்தியமா இல்லம்மா!"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பெற்ற பிள்ளையை இந்தப் பொய்க்கா இழுத்தோம் என்று அவருக்கே கூசியது. அவள் பக்கம் திரும்பவே முடியவில்லை.

"புள்ள மேல சத்தியம் பண்ணிட்டீங்க. நம்புறேன்." அந்த அம்மா பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

தப்பித்தோம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருப்புக் கொள்ளாமல், "எந்த ஆபீசும்மா நீங்க?" என்று கேட்டுவைத்தார்.

"ஆபீசா? நான் வீட்டோட இருக்கிறவ தம்பி. எம் பையன் கோவிச்சுக்கிட்டு வெளிநாட்டுக்குப் போனவன், அங்க ஒரு கறி ஆலையில பாக்கெட் போடுறான். ரொம்ப நாளா பேச்சே இல்ல. கூட வேலை பார்த்தவன் திரும்பி வந்தப்ப சொன்னான், பாக்கெட் போட்டவங்க நம்பர் லேபிள் அடியில இருக்கும், உங்க பையனோடது இதுன்னு."

வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அந்த நம்பரைப் பார்த்துட்டா, உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுக்குவேன்."