மூன்றாவது மாடிப் போர்வை

"அக்கா, அந்தப் போர்வையைக் கொஞ்சம் எடுங்க. சரியா ஃபிரேமுக்கு நடுவுல விழுது."

கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி லோஷினி கூவினாள். மூன்றாவது மாடி நடைபாதைக் கம்பியில் போர்வையை விரித்துக்கொண்டிருந்த வெள்ளையம்மா எட்டிப் பார்த்தார்.

"காயணும்மா."

"மழை வரப்போகுது. இதுல எங்கக்கா காயும்?"

"அது மெதுவாக் காயும். உனக்கென்ன அவசரம்?"

கேமராவுக்குப் பின்னால் செல்வா சிரித்தான். லோஷினிக்குச் சிரிப்பு வரவில்லை.

இருவரும் ஜொகூர் பாருவில் ஊடகத் துறை மாணவர்கள். கடைசி ஆண்டுக்கு ஒரு பாட்டு வீடியோ எடுத்துக் கொடுக்க வேண்டும். அருகிலுள்ள பெக்கான் நானாஸ் ஊரில் இந்தப் பழைய ஃப்ளாட்டைத் தேடிப் பிடித்தது லோஷினிதான். விடியுமுன் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறுகிறவர்கள், தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் என்று டிவியில் ஒருநாளும் வராத முகங்கள். பாட்டின் பல்லவியே 'எங்க மூஞ்சிய மறைக்காத' என்பதுதான். கடைசிக் காட்சியில் எல்லாக் கதவும் திறந்திருக்க, எல்லாரும் வாசலில் வந்து நிற்க வேண்டும்.

நன்றாக வந்தால் சிங்கப்பூரில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் பயிற்சி வேலை. வகுப்பில் ஒருவருக்குத்தான்.

ஒத்திகைக்கு ஒரு ஷாட் எடுத்தபோது அங்கே போர்வை இல்லை. கேமரா மேலே திரும்பியதைப் பார்த்த பிறகுதான் வந்தது.

"அக்கா, நிர்வாகத்துல அனுமதி வாங்கியாச்சு. நடைபாதை எல்லாருக்கும் பொது. சட்டப்படி நாங்க எடுக்கலாம்."

"எடு. நான் வேணாம்னா சொன்னேன்? சட்டத்துல போர்வை காயப்போடக் கூடாதுன்னு இருக்கா?"

இரண்டாவது மாடியில் யாரோ கைதட்டினார்கள்.

லோஷினிக்கு முகம் சிவந்தது. ஊடகச் சட்டதிட்டங்கள் பாடத்தில் அவள்தான் முதல். 'கேமராவை மறைக்கிறவர் ஏதோ ஒரு தவற்றை மறைக்கிறார்' என்று அவள் எழுதிய வரியை விரிவுரையாளர் மனோகரன் வகுப்பில் வாசித்துக் காட்டிப் பாராட்டியிருந்தார்.

"உள்ள என்ன கூத்து நடக்குதோ. நானே போய் எடுத்துடறேன்."

"வேணாம் லா," என்று செல்வா தடுத்தான். "சண்டையாயிடும்."

"ஆகட்டும்."

விடுவிடுவென்று படியேறினாள். செல்வா கீழேயிருந்து பார்த்தான். வெள்ளையம்மா குறுக்கே நின்றார். லோஷினி அவரை ஒதுக்கிவிட்டுப் போர்வையின் முனையைப் பிடித்தாள். அப்போது அவள் தலை வீட்டு வாசல் பக்கம் திரும்பியது.

அப்படியே நின்றாள்.

பிறகு குனிந்தாள். போர்வைக்குப் பின்னால் அவள் தலை மறைந்தது. கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை.

அவள் கீழே வந்தபோது போர்வை அங்கேயே இருந்தது. பக்கத்தில் இன்னொரு போர்வையும் தொங்கியது.

"அலமாக்!" என்று செல்வா வியந்தான். "எடுக்கப் போனியா, மாட்டப் போனியா?"

"கேமராவைப் போடு. வெளிச்சம் போகுது."

இரண்டு போர்வைகளும் நடுவில் தொங்கவே கடைசிக் காட்சியை எடுத்து முடித்தார்கள்.

மறுவாரம் வகுப்பில் வீடியோ ஓடியது. கடைசிக் காட்சியில் மனோகரன் நிறுத்தினார்.

"எல்லா வீடும் திறந்திருக்கு. நடுவுல என்ன ரெண்டு போர்வை? யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல சார்."

"எந்த விதியாவது தடுக்குதா?"

"எந்த விதியும் தடுக்கல சார்."

"அப்ப இது பயம். வெளியிலேருந்து யாரும் வெட்ட வேணாம், நீயே வெட்டிக்கிட்ட. பாட்டுல 'மறைக்காத'ன்னு சத்தம், படத்துல முழுசா மறைப்பு. உன் கட்டுரையில என்ன எழுதின, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அந்த வரி தப்பு. அதுக்குக் கொடுத்த மார்க்கையும் எடுத்துக்குங்க."

எப்போதும் தணிந்த குரலில் பேசுகிற மனோகரனின் குரல் உயர்ந்தது.

"திங்கட்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். திருத்திக்கிட்டு வா. இல்லன்னா சிங்கப்பூருக்கு வேற பேரைத்தான் அனுப்புவேன்."

"அனுப்புங்க சார். திங்கட்கிழமையும் போர்வை அங்கதான் இருக்கும்."

உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

வெளியே வந்ததும் செல்வா வழிமறித்தான்.

"உனக்குக் கிறுக்கா? ஒத்திகையில எடுத்த ஷாட் என் லேப்டாப்ல இருக்கு. அதுல போர்வையே கிடையாது. எடுத்து ஒட்டினா வேலை முடிஞ்சது. வேலையும் உனக்குத்தான்."

"அதை அழிச்சிடு. அந்த வீட்டு வாசல் அதுல அப்படியே தெரியும்."

"அழிக்கறேன். ஏன்னு சொல்லு."

லோஷினி முன்னும் பின்னும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வெள்ளையம்மாக்கா வீட்டுல ஒரு பொண்ணு இருக்காங்க. அக்காவுக்குச் சொந்தம்கூட இல்ல. முகமெல்லாம் வீங்கி, ஒரு கையில மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அவங்க பாப்பா ஷூட்டிங் பார்க்கணும்னு ஒரே அழுகையாம். கதவைச் சாத்தினா பாவம்னுதான் அக்கா போர்வையைப் போட்டிருக்காங்க, இடுக்கு வழியா பார்க்கட்டும்னு."

செல்வா லேப்டாப்பைத் திறந்தான்.

"அந்தப் பாப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு செல்வா. 'இந்தப் பாட்டு தங்காக்ல இருக்கற எங்கப்பா போன்லயும் வருமாக்கா? வந்தா நாங்க இங்கேருந்தும் ஓடணும்.'"