ட்ரிட்டியம் நீங்கிய பால்

தூத்துக்குடி அணுக்கரு இணைவு உலையின் எரிபொருளான கதிரியக்க ட்ரிட்டியம் கசிந்தபோது, அங்கே வேலை பார்க்கும் ஜெனிட்டா குழாய்க்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கொஞ்சம் அவள் உடம்புக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கத் தடை.

"பயப்படாதம்மா. நிறையத் தண்ணி குடி, அதோடயே வெளியே போயிரும்," என்றார் ஆலை டாக்டர்.

கணவன் வினிஸ்டன் இளநீரும் மோருமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தான். குழந்தை புட்டிப்பாலுக்குப் பழகியது. ஜெனிட்டா தன் பாலை அழுதுகொண்டே பீய்ச்சிக் கொட்டினாள். இனி மகள் தன்னிடம் வருவாளா என்று மனம் அடித்துக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை டாக்டர் போன் செய்தார். "டெஸ்ட் ரிசல்ட் வந்துட்டும்மா, உடம்புல இப்ப ஒண்ணும் இல்ல. பிள்ளைக்குப் பால் கொடு."

குழந்தை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு மெல்லத் திரும்பிக் கவ்விக்கொண்டது.

"ஐயோ, கடிக்கா!" ஜெனிட்டா அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். "ஏங்க, இவளுக்குப் பல்லு முளைச்சிருக்கு!"