மயிரிழை வெடிப்பு

மோட்டார் ரூம் வாசலில் கிடந்தது புருஷன் கடற்கரையின் டார்ச் லைட். சுப்புத்தாய் இரண்டடி பின்வாங்கினாள். அவன் செத்ததுமே அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவள் அவள். சாவி இதோ, அவள் முந்தியிலேயே முடிந்து கிடக்கிறது.

வயலிலோ இன்றைக்கும் தண்ணீர் தளும்பி நின்றது.

"நெல்லுக்கு எந்நேரமும் தண்ணி நிக்க வேண்டாம்மா. மண்ணு மயிரிழையா வெடிச்ச பெறவு பாய்ச்சுங்க. உங்க கெணத்துத் தண்ணி அறுப்பு வரைக்கும் தாங்கும்" என்று வேளாண்மை ஆபீசர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளும் அப்படித்தான் காயவிட்டாள். ஆனால் வெடிப்பு லேசாகத் தலைகாட்டினால் போதும், மறுநாள் விடிவதற்குள் யாரோ வயலை நிரப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். கிணறு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. இப்படியே போனால் கதிர் பால் பிடிக்கும்போது சொட்டுத் தண்ணீர் இருக்காது.

போன வருஷம் அதுதானே நடந்தது! கிணறு வற்றி, கரிசல் பாளம் பாளமாக வெடித்து, பயிர் கருகியதைப் பார்த்துக்கொண்டே நின்ற கடற்கரை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த வரப்பிலேயே சாய்ந்தான்.

பக்கத்து வயல் சண்முகராஜ் டார்ச்சைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான். "மைனி, கோவப்படாதீங்க. இது அண்ணன்தான். வெடிச்ச மண்ணைப் பாத்து உசுர விட்டவிய, மறுபடி வெடிச்சா பொறுப்பாவளா?"

"செத்தும் என்னைய வாழவிட மாட்டாவளா அவிய?" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "பேயா, களவாணியான்னு நானும் பாக்கேன்."

பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்கள். அடுத்த வெடிப்பு கண்ட சாயங்காலம், மோட்டார் ரூம் வாசல் முழுக்க அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டு வந்து படுத்தாள்.

விடிந்தும் விடியாமலும் ஓடிப்போய்ப் பார்த்தாள். வயல் நிறையத் தண்ணீர். சாம்பலில் கால் தடம் பளிச்சென்று விழுந்திருந்தது. சின்னக் கால்.

பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தாள். அச்சுப் பிசகாமல் அதே அளவு. இன்னும் குனிந்து பார்த்தாள். அவள் சேலைக் கரையெல்லாம் சேறும் சாம்பலும் காய்ந்து ஒட்டியிருந்தன.

வீட்டில் மாமியார் பார்வதியம்மாள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, தூக்கத்துல எந்திரிச்சுப் போறது நானா?"

"ஆமா தாயி. ஒவ்வொரு தடவையும் பாக்கேன்."

"பாத்துக்கிட்டா இருந்திய? கெணறு வத்திட்டா நம்ம கதி என்ன? ஒரு சத்தம் குடுத்து எழுப்பியிருக்கலாம்லா!"

பார்வதியம்மாள் காப்பியைக் கீழே வைத்தாள். "தோளுக்கு மேல டார்ச்சப் பிடிச்சுக்கிட்டு, தொண்டையச் செருமிக்கிட்டு... அந்த நடை எம்புள்ள நடைலா தாயி."

சுப்புத்தாய் முந்தியில் முடிந்திருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எழுப்புனா அவன் போயிருவாம்லா?"