இரண்டு ஆள் வேலை

ஹார்ன் ஸ்பீக்கரோடு சப்வூஃபர் என்ற தாழ்ஒலிப் பெட்டியின் பாஸைச் சேர்ப்பது இரண்டு ஆள் வேலை. சப்வூஃபர் வயரை பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டி, இரண்டிலும் ஒரே தாழ்ந்த ஒலியை விட வேண்டும். ஒருவர் பெட்டியின் பின்னால் குமிழைத் திருப்ப, பாட்டுக் கேட்கும் நாற்காலியில் இருப்பவர், இரண்டு ஒலியும் ஒன்றையொன்று அழித்து அடியோடு அடங்கும்போது சொல்ல வேண்டும். பிறகு வயரை நேராக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

வீட்டில் நான் மட்டும்தான். அக்காவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கர்போனில் போட்டு, போனை நாற்காலியில் கிடத்தினேன்.

"கல்யாணம் பண்ணிக்கோன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள். "நாற்காலியில உக்கார ஒரு ஆளாவது இருந்திருக்கும்."

"சத்தம் நின்னா சொல்லுக்கா."

திருப்பினேன்.

"குறையுது... இன்னும் கொஞ்சம்... நின்னுடுச்சு."

கையை எடுத்தேன். என் பக்கம் பெட்டி உறுமிக்கொண்டுதான் இருந்தது. நாற்காலியில் மட்டும் அமைதி.

"யாருடா அது, போன் பக்கத்துல மூச்சு விடறது?"

"யாருமில்ல. நான் பெட்டிகிட்ட இருக்கேன்."

"கள்ளப்பயலே! ஆள் இருக்குன்னு சொல்லவே இல்ல?" அவள் குரலில் அப்படியொரு சந்தோஷம். "நீ பேசும்மா."

நாற்காலியில் போன் மட்டும் கிடந்தது. எனக்குப் பெட்டியின் உறுமலும் அக்காவின் குரலும்தான் கேட்டன. "ம்... ம்..." என்றாள். ஒருமுறை சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"வேலைய விட்டுட்டானா? எப்போ?"

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ஒழுங்கா சாப்பிடறானா?" என்று கேட்டுவிட்டு, அக்கா பதிலுக்காகக் காத்திருந்தாள்.

நானும் குமிழைத் தொடாமல் காத்திருந்தேன்.