ஊசி வேண்டாம்

"ஊசி வேண்டாம்மா. அப்படியே எடுத்துடுங்க."

நாற்காலியில் சாய்ந்தபடி யோகா குரு இப்படிச் சொன்னதும் பல் டாக்டருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வசமாக மாட்டினான் ஆசாமி.

வலியை வென்றவராம். மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே ஊரை ஏமாற்றுகிற பம்மாத்து. அதில் ஏமாந்த முதல் ஆள் அவளுடைய கணவன்தான். நல்ல வேலையை உதறிவிட்டு, அடுத்த வாரம் ஆசிரமத்துக்கே போய்விடப் போகிறானாம். அழுதும் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். மசியவில்லை.

இன்றைக்கும் குருவைக் கூட்டி வந்தவன் அவன்தான். நாலு சீடர்களோடு சுவரோரம் கைகட்டி நின்றான். நன்றாக நில்லு, உன் சாமி அலறுவதைக் காதாரக் கேட்டுவிட்டு ஒழுங்காக வீடு வந்து சேர் என்று அவள் மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

வாயைத் திறக்கச் சொன்னாள். கீழ்க் கடைவாயில் ஒரு பல் கன்னங்கரேலென்று இருந்தது. குறடை மாட்டினாள். குரு விரலைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தார். வாய்க்குள் குறடு இருக்க, பேச்சு எங்கே வரும்?

"பயந்துட்டீங்களா சாமி? கையை ஆட்டாதீங்க."

விரல் இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பல் லேசில் வரவில்லை. பாலும் பாதாமும் தின்று வளர்ந்த பல் அல்லவா, வேர் இரும்பாக இருந்தது. திருகினாள், அசைத்தாள், வேண்டுமென்றே கொஞ்சம் முரட்டுத்தனமாகவும் இழுத்தாள். வியர்த்துக் கொட்டியது அவளுக்குத்தான். அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

பல் தட்டில் விழுந்ததும் சீடர்கள் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார்கள். கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போது என்ன சொல்கிறாய் என்பதுபோல் அவளைப் பார்த்தான். அவளுக்கு வயிறு எரிந்தது. மரத்துப்போக எதையாவது முழுங்கிவிட்டு வந்திருப்பான் திருட்டுப் பயல்.

குரு வாயைக் கொப்பளித்தார். எல்லாரையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். தயங்கி நின்ற அவள் கணவனையும் அனுப்பிவிட்டு, கதவு சாத்தும்வரை காத்திருந்தார்.

ஆள் இல்லாத இடத்தில் சாயம் வெளுக்கப் போகிறது, வலி மாத்திரைக்குக் கெஞ்சப் போகிறான் என்று அவள் இளக்காரமாக இடுப்பில் கைவைத்து நின்றாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப அந்த வலிக்கிற பல்லை எடுத்துடுங்கம்மா."